முதுகு வளைவு வலி: கை வைத்தியத்தால் எது முடியும், எது முடியாது?



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று நமக்குப் பயன்படும் செய்திகளைத் தாங்கி வரும் இந்த இதழில், இம்முறை முதுகைப் பற்றி எழுத எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கல்லாவில் உட்காருகிறவர், மண்டியில் நிற்கிறவர், மூட்டை இறக்குகிறவர் என யாரைக் கேட்டாலும் முதுகுவலி என்பார்கள். அந்தப் பொதுவான முதுகுவலியைப் பற்றி நான் எழுத வரவில்லை. முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்திருப்பதால் வரும் வலியைப் பற்றியும், அதற்குச் செய்யப்படும் கை வைத்தியத்தைப் பற்றியும்தான் எழுதுகிறேன். இதில் நான் பணத்தையும் இழந்திருக்கிறேன், பணத்தைவிடப் பெரிதான காலத்தையும் இழந்திருக்கிறேன். மற்றவர்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொடைக்கானலில் பூண்டு வியாபாரம் செய்து வருகிறேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் கொள்முதல் செய்து வடுகபட்டி சந்தைக்கு அனுப்புவது என் தகப்பனார் காலத்திலிருந்து நடக்கும் தொழில். சிறு வயதிலிருந்தே எனக்கு வலது பக்க விலா சற்றுப் புடைத்திருக்கும். சட்டை போட்டால் வெளியே தெரியாது. “சின்னதிலேயே மூட்டை தூக்குனான், அதான் இப்படி ஆயிருச்சு” என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 38ஆம் வயதில் வலி தாங்காமல் எக்ஸ்ரே எடுத்தபோதுதான், என் முதுகுத்தண்டு 34 டிகிரி வளைந்திருக்கிறது என்றும் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர் என்றும் தெரிந்தது. மூட்டை தூக்கியதால் வந்ததல்ல என்று மருத்துவர் சொன்னபோது, இத்தனை வருடமாக மனதுக்குள் தகப்பனாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்துச் சங்கடமாக இருந்தது.

வளைவு என்றால் என்ன?

முன்பக்கம் குனிந்து போவதைக் கூன் என்கிறோம். ஸ்கோலியோசிஸ் என்பது வேறு. பின்னாலிருந்து பார்த்தால் நேர்கோடாக இருக்க வேண்டிய முதுகெலும்பு இடமாகவோ வலமாகவோ வளைந்துவிடுகிறது. சிலருக்கு மேலே ஒரு பக்கமும் கீழே மறுபக்கமும் வளைந்து பாம்பு நெளிவதுபோல் இருக்கும். வளைவதோடு எலும்புகள் சற்றுத் திரும்பியும் விடுகின்றன. விலா எலும்புகள் அவற்றோடு சேர்ந்திருப்பதால் ஒரு பக்கம் முதுகு மேடாகிறது.

இந்த வளைவை டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில், வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புகளை ஒட்டிக் கோடு போட்டு, அவற்றுக்கு இடையிலான கோணத்தைப் பார்ப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் எழுதிய முறை இது; இன்றும் இதுதான் அளவுகோல். 10 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் இந்தப் பெயரே வைப்பதில்லை. வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு, காரணம் இன்னதென்று கண்டுபிடிக்கப்படவில்லை. பள்ளிப் பை, படுக்கும் விதம், மூட்டை இவை எதுவும் காரணமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல். இந்தக் கடைசி விஷயத்தை நான் காதில் வாங்கியும் மனதில் வாங்காமல் விட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். லாரியில் மூட்டைகளை அட்டி போட்டுக் கயிறு கட்டுகிறோம். அட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கத்துக் கயிறு விண்ணென்று இழுபட்டு நிற்கும், மறுபக்கத்துக் கயிறு தொய்ந்துபோகும். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த இழுபட்ட கயிறுதான் பாரம் முழுவதையும் தாங்கும். முதுகிலும் அப்படியே. வளைவின் புடைத்த பக்கத்துத் தசைகள் நீண்டு, ஓய்வில்லாமல் உழைத்துக் களைக்கின்றன. குழிந்த பக்கத்துத் தசைகள் சுருங்கி இறுகிவிடுகின்றன. தலையும் கண்ணும் நேராக இருக்க வேண்டுமே என்பதற்காகக் கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் ஈடுகொடுக்கின்றன. காலையில் கடை திறக்கும்போது இல்லாத வலி மாலை நாலு மணிக்கு வருவதற்குக் காரணம் இதுதான். நம் மலையில் மார்கழி, தைக் குளிருக்குத் தசைகள் இன்னும் இறுகும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லாமலே அறிவார்கள்.

தசைகளின் மேலே ஒரு மெல்லிய உறை உண்டு. கறிக்கடைக்காரர் ஆட்டுத் தொடையை அறுக்கும்போது தசைக்கு மேல் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு சவ்வைப் பிரித்து எடுப்பாரே, அதுதான். கமலா ஆரஞ்சில் சுளைக்குச் சுளை தோல் இருப்பதுபோல ஒவ்வொரு தசையையும் போர்த்தி, ஒன்றோடொன்று இணைத்து, தலையிலிருந்து பாதம் வரை தொடர்ச்சியாக ஓடுகிறது. இதை ஆங்கில வைத்தியத்தில் ஃபேசியா என்கிறார்கள். மயோ என்றால் தசை. தசையையும் இந்த உறையையும் சேர்த்துப் பிடித்து அழுத்தி இளக்குவதால் ‘மயோஃபேசியல் ரிலீஸ்’ என்று அந்தக் கை வைத்தியத்துக்குப் பெயர்.

இதன் பெயர்தான் புதிது. அழுத்திப் பிடித்து வலி நீக்குவது நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பிரிவில் தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்லப்பட்டிருக்கிறது. போகர் பெயரை நாளும் சொல்லும் பழனி மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேல்நாட்டில், தசையில் முடிச்சுப்போல் இறுகிய புள்ளி ஒன்று வேறோரிடத்தில் வலியை உண்டாக்கும் என்பதை ஜேனட் டிராவல் என்ற பெண் மருத்துவர் பல வருடம் ஆராய்ந்து, டேவிட் சைமன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1983இல் பெரிய நூலாக வெளியிட்டார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர் இவர். கென்னடி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்ததும் இவர் யோசனைப்படிதான். நம் கல்லாவுக்கு ஆடும் நாற்காலி ஒத்துவராது என்பது வேறு விஷயம்.

எப்படிச் செய்கிறார்கள்?

சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நான் போக ஆரம்பித்தேன். முதல் நாள் அவர் கையே வைக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், மூச்சு இழுக்கச் சொன்னார். பிறகு படுக்க வைத்தார். எண்ணெய் ஊற்றித் தேய்ப்பார் என்று எதிர்பார்த்தேன், எண்ணெயே போடவில்லை. எண்ணெய் போட்டால் கை வழுக்கிவிடும், தோலுக்கு அடியிலுள்ள உறை கைக்குப் பிடிபடாது என்றார். இடுப்புக்கு மேலே, குழிந்த பக்கத்தில், விரல் முட்டிகளை வைத்து மெதுவாக அழுத்தி அப்படியே நிறுத்தினார். இரண்டு மூன்று நிமிடம் அசையவே இல்லை. அழுத்தம் முதலில் வலித்தது. பிறகு, குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயிலில் இளகுவதுபோல் அந்த இடம் மெல்ல விட்டுக்கொடுத்தது. விலாக்களுக்கு நடுவிலும் இடுப்பு எலும்பின் ஓரத்திலும் இப்படியே செய்தார். சடக்கென்று நெட்டி முறிப்பது, மேலே ஏறி மிதிப்பது எதுவும் கிடையாது. மொத்தம் முக்கால் மணி நேரம்.

எழுந்து நின்றபோது மூச்சு ஆழமாகப் போனது. மறுநாள் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தேன். பிறகு வலி திரும்பியது. அன்று முதல் இன்றுவரை கணக்கு ஏறக்குறைய இதுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கை வைத்தியம், தினமும் அவர் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சி. பயிற்சியை விட்டால் பதினைந்து நாள் என்பது ஒரு வாரமாகச் சுருங்கிவிடுகிறது.

சரக்கின் தரம் என்ன?

கொள்முதல் செய்யுமுன் சரக்கைப் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். இந்த வைத்தியத்தையும் அப்படிப் பார்க்க வேண்டும்.

சாதாரண முதுகுவலிக்கு மசாஜ் எவ்வளவு பயன் என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. கொஞ்ச காலத்துக்கு வலி குறைகிறது, நீண்ட காலப் பயனுக்குச் சான்று இல்லை, கிடைத்த சான்றுகளும் உறுதியானவையல்ல என்பது அதன் சாரம். முதுகு வளைவுள்ளவர்களுக்கு இந்த உறை வைத்தியம் செய்து பார்த்த ஆய்வுகள் சிறியவை. தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளே அதிகம். இன்னொரு சங்கதியும் உண்டு. தொடையின் வெளிப்பக்கத்திலும் உள்ளங்காலிலும் இருக்கும் கெட்டியான உறையை நிஜமாகவே நீட்ட வேண்டுமானால் மனிதக் கையால் கொடுக்க முடியாத விசை வேண்டும் என்று 2008இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்படியானால் என் முதுகில் இளகியது என்ன? நிதானமான அழுத்தத்தால் நரம்புகள் அமைதியடைந்து, தசை தன் இறுக்கத்தை விடுகிறது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது. விளக்கம் எதுவானாலும் எனக்குக் கிடைத்த நிவாரணம் உண்மை. ஆனால் எலும்பு ஒரு டிகிரிகூட நிமிரவில்லை. என் வளைவு அன்றும் 34, போன வருடம் எடுத்த படத்திலும் 34. லாரிக் கயிற்றைத் தளர்த்தினால் கயிற்றின் வேதனை குறையும். சாய்ந்த அட்டி நேராகிவிடாது.

எனவே வலிக்கு இதை நாடலாம். வளைவை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

தையல்காரர் கண்ட குறை

2016 ஜூன் மாதம், பள்ளி திறக்கும் சமயம். என் மகளுக்கு அப்போது 12 வயது. சீருடைக்கு அளவு எடுத்த தையல்காரர், துணியைக் கொடுக்கும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவுக்கு வலது தோள் கொஞ்சம் தூக்கி நிக்குது. டாப்போட அடி ஓரமும் ஒரு பக்கம் ஏறுது. ரெண்டு தடவ அளந்து பாத்துட்டேன், துணியில தப்பில்ல” என்றார். பெற்றவர்கள் நாங்கள் பார்க்காததை அவர் டேப்பை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

எக்ஸ்ரேயில் 22 டிகிரி இருந்தது. ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும், கூடினால் பிரேஸ் போட வேண்டும் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். இங்கேதான் நான் தவறினேன். பெண் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து அக்குள் வரை பிளாஸ்டிக் கவசமா, பள்ளியில் கேலி செய்வார்களே, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்குமே என்று மனம் ஓடியது. எனக்குத்தான் கை வைத்தியத்தில் குணம் தெரிகிறதே என்ற நினைப்பு வேறு. கீழ்நாட்டில் ஓர் ஊரில் “40 நாளில் நிமிர்த்தித் தருகிறேன்” என்று சொன்னவரிடம் அழைத்துப் போனேன். 18,000 ரூபாய். 40 நாள் முடிந்ததும் இன்னொரு 40 நாள். பிள்ளைக்கு வலியே இல்லாதபோது என்ன குணம் தெரிகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மருத்துவர் சொன்ன ஆறு மாதத் தவணையையும் தள்ளிப்போட்டு, எட்டாவது மாதம் படம் எடுத்தபோது 31 டிகிரி.

வளரும் பிள்ளைக்கும் வளர்ந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று மருத்துவர் ஒரு கணக்குப்பிள்ளைக்கு விளக்குவதுபோல் பொறுமையாக விளக்கினார். உயரம் வேகமாகக் கூடும் அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும். பெண் பிள்ளைகளுக்கு அப்படிக் கூடும் வாய்ப்பு அதிகம். வளர்ச்சி நின்றபின் 30 டிகிரிக்கு உட்பட்ட வளைவு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 50ஐத் தாண்டிவிட்டால் வயது வந்த பிறகும் வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி என்று மெல்ல ஏறிக்கொண்டே போகும். 45, 50 டிகிரி என்றால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஆகவே 25க்கும் 40க்கும் நடுவில் வளரும் பிள்ளைக்குப் பிரேஸ் போடுவது, அந்த 50ஐத் தொடாமல் காப்பதற்குத்தான். இது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 242 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. பிரேஸ் போட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50ஐ எட்டாமல் வளர்ச்சி முடிந்தது. போடாதவர்களில் 48 பேருக்குத்தான் அப்படி. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அணிகிறார்களோ அவ்வளவுக்குப் பலன் கூடியது.

மகள் மூன்று வருடம் அணிந்தாள். தினம் 18 மணி நேரம். நம் ஊர்க் குளிரில் அது ஸ்வெட்டர் மாதிரி ஆகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மே மாதம் மதுரையில் பாட்டி வீட்டுக்குப் போனால் அழுவாள். 2019இல் கழற்றியபோது 33 டிகிரி. கத்தி வைக்காமல் தப்பினோம். அந்த எட்டு மாதத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் 25லேயே நின்றிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். எனக்கு ஆறுதலாகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே பார்க்கலாம்

டைனோசர் எலும்புகளை ஆராய்ந்து புகழ் பெற்ற கிடியன் மாண்டெல் என்ற ஆங்கிலேயர் 1841இல் ஒரு வண்டி விபத்துக்குப் பிறகு தீராத முதுகுவலியில் கிடந்தார். வலிக்கு அபின் உட்கொண்டே காலம் தள்ளி, 1852இல் அந்த அபின் அளவு மீறியே இறந்தார். இறந்தபின் அவர் உடலைச் சோதித்த வில்லியம் ஆடம்ஸ் என்ற மருத்துவர், முதுகெலும்பு கடுமையாக வளைந்திருந்ததைக் கண்டார். நேராக நிற்கும்போது மறைந்திருக்கும் இந்த வளைவு, குனியும்போது எப்படி வெளியே தெரிகிறது என்பதை ஆடம்ஸ் எழுதிவைத்தார். அவர் பெயரால் வழங்கும் சோதனைக்குக் காலணாச் செலவில்லை. பிள்ளையின் முதுகு தெரிய, முழங்காலை மடக்காமல், இரு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். 10 வயதிலிருந்து 15 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. பெற்றோரில் ஒருவருக்கு வளைவு இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடை, தையற்கடை நடத்தும் நம் உறுப்பினர்களின் கண்ணில் இது முதலில் படும். தயங்காமல் பெற்றவரிடம் சொல்லுங்கள்.

அபின் கதையைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பலர் மருந்துக்கடையில் தாங்களாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். நானும் விழுங்கியவன்தான். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அதன் வட்டி. இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து.

யார் கை வைத்தியத்துக்குப் போகக் கூடாது என்பதும் முக்கியம். காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், சிறுநீர், மலம் கட்டுப்படாமை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவில் படுத்தாலும் குறையாத வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இவை சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் இது அபூர்வமில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கு இலவச மருந்து உண்டு. அந்த எலும்பை அழுத்தினால் கேடு விளையும். எலும்பு தேய்ந்த முதியவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் யார் கையிலும் முதுகைக் கொடுக்கக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் தேய்மானத்தால் புதிதாக வளைவு வருவதும் உண்டு. அவர்களுக்கு நடந்தால் கால் வலித்து, உட்கார்ந்தால் விடும். அதற்கு முறையே வேறு.

கடையில் நான் செய்த மாறுதல்கள் சிறியவை. மேடையில் சப்பணம் போட்டு உட்காருவதை விட்டு, கால் தரையில் பதியும்படி நாற்காலி போட்டேன். குழிந்த பக்கத்து இடுப்புக்கு ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்கிறேன். ஒரு டென்னிஸ் பந்தைக் காலுறையில் போட்டு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, இறுகிய இடத்தில் இரண்டு நிமிடம் அப்படியே நிற்பேன். எலும்பின் மேல் வைக்கக் கூடாது. எந்த இடம் என்று முதலில் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தர வேண்டும். சிப்பந்திகளுக்கும் இருக்கை போட்டிருக்கிறேன். 2021இல் கடைகள் சட்டத்தில் செய்த திருத்தப்படி இது நம் கடமையும்கூட. ஓர் ஆள் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. நான் பூண்டு மூட்டையை 40 கிலோவாகக் கட்டுகிறேன். லோடுமேன்கள் முதலில் கூலிக் கணக்கு குழம்பும் என்றார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்பதை விட்டு எடைக்கு இவ்வளவு என்று மாற்றிய பிறகு சரியாகிவிட்டது.

கடைசியாக எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. படுத்த நிலையில் எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். நின்ற நிலையில், கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே படமாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் தேதியையும் டிகிரியையும் எழுதி வாங்குங்கள். பழைய படங்களை எறியாதீர்கள். அடுத்த படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் வளைவு கூடியதா நின்றதா என்று மருத்துவரால் சொல்ல முடியும். என் மகளுடைய படங்கள் ஏழும் பேரேடுகளோடு கடை பீரோவில்தான் இருக்கின்றன.